பினாங்கு செல்வோர் காணத் தக்கவை

பள்ளி விடுமுறை வந்தாலும் தைப்பூசம் வந்தாலும், சிரம்பான் பட்டணத்திலிருந்தும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்தும் பினாங்குக்குப் பிரயாணமாவோர் பலர். அங்கே அவர்கள் செய்வதென்ன? கொடிமலை ஏறுகின்றனர்; தண்ணீர்மலையில் தேங்காய் உடைக்கின்றனர்; நாசி கண்டார் கடையில் வரிசை பிடித்து நின்று வயிறார உண்கின்றனர்; புகைப்படம் பிடித்துக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். இவற்றை வேண்டாமென்று சொல்ல நாம் வரவில்லை. 1923-ஆம் ஆண்டு முதல் ஓடிவரும் அம்மலை ரயிலில் ஏறி, உச்சியின் குளிர்காற்றை அனுபவிப்பது நல்லதே. ஆனால் பினாங்கு நமக்கு வெறும் வேடிக்கை ஊர் அன்று. நம் முன்னோரில் எண்ணிறந்தோர் இந்நாட்டில் முதன்முதல் கால் வைத்த வாசற்படி அது. வாசற்படியைப் பாராமல் தோட்டத்துப் பூக்களை மட்டும் பார்த்துவிட்டு வருவது முறையாகுமா?

முதலில் கோர்ன்வாலிஸ் கோட்டைக்குச் செல்லுங்கள். 1786 ஆகஸ்டு 11-ல் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் இத்தீவில் கொடியேற்றினார். அப்பொழுது இக்கோட்டை பனையினத்து மரங்களை நட்டு அடைத்த வேலியே. பின்னரே அது செங்கற்கோட்டையாயிற்று. அச்செங்கல்லை அடுக்கிய கைகள் யாருடையவை? இந்தியாவிலிருந்து தீவாந்தர தண்டனை பெற்றுக் கப்பலேற்றப்பட்ட கைதிகளுடையவை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி 1873 வரை, பினாங்கு இந்தியக் கைதிகளின் உழைப்பை உண்டு வளர்ந்த ஊர். சாலைகள் பலவும் அவர்கள் போட்டவையே. லைட்டின் பெயரைச் சொல்லாத வழிகாட்டி இல்லை. கைதிகளின் பெயரைச் சொல்லும் வழிகாட்டியும் இல்லை.

அக்கோட்டையிலேயே ஸ்ரீ ரம்பை என்றொரு பீரங்கி கிடக்கின்றது. 1603-ல் வார்க்கப்பட்ட டச்சுக்காரர் பீரங்கி அது. பிள்ளைப்பேறில்லாத பெண்கள் அதற்குப் பூச்சாத்தி வேண்டினால் பலன் உண்டாகுமென்று ஒரு நம்பிக்கை இருந்து வந்தது. மனிதரைக் கொல்ல வார்த்த வெண்கலத்திடம் மகப்பேறு கேட்பதற்கு எத்தகைய பக்தி வேண்டும் பாருங்கள்! பீரங்கியைப் பார்க்கலாம், பூவுக்குக் காசு செலவிட வேண்டியதில்லை.

கோட்டையை விட்டுச் சிறிது நடந்தால் பழைய பிட் தெரு. இப்பொழுது அதற்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்று பெயர். அப்பள்ளிவாசல் 1801-ல் தோன்றியது. அதற்கு வழிசெய்த காதர் முகைதீன், சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோர்க்குத் தலைவராக இருந்தவர். அருகிலுள்ள சூலியா தெரு, அக்கரையோரத்துத் தமிழ் முஸ்லிம் வணிகரின் பெயரையே தாங்கி நிற்கின்றது. நாகூர் ஆண்டவர் நினைவாக எழுந்த தர்காவும் அத்தெருவில்தான் இருக்கின்றது. குயின் தெருவில் 1833-ல் எழுந்த மாரியம்மன் கோயில் உள்ளது. அதனைச் சுற்றிலும் வாழ்ந்தோரிற் பலர் துறைமுகத்தில் படகு தள்ளியும் மூட்டை சுமந்தும் பிழைத்த தமிழர். பினாங்குத் தெருவில் செட்டிமாரின் கிட்டங்கிகள் இருந்தன. ஆக, தமிழன் இவ்வூருக்கு வட்டிக்குக் கொடுப்பவனாகவும் வந்தான், மூட்டை தூக்குபவனாகவும் வந்தான், விலங்கு பூண்டவனாகவும் வந்தான். இம்மூவரும் ஒரே கடலைக் கடந்தவர்கள். கரையேறிய பின்னரோ, மேற்சாதி கீழ்ச்சாதி என்று பேசுவதை அவர்கள் விடவில்லை. மலாயாவில் ஆலயப் பிரவேசத்துக்காகச் சீர்திருத்தக்காரர் வாதாட நேர்ந்ததும் அதனால்தானே!

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல விரும்பும் இடம் ஜெரஜாக் தீவு. 1985-ல் திறக்கப்பட்ட பாலத்தின் வழியே பஸ்ஸிலோ காரிலோ தீவுக்குச் செல்பவர்கள் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தால், காடு மூடிய ஒரு சிறு தீவு தென்படும். பெரும்பாலோர் அப்பொழுது பினாங்கின் உயர்ந்த மாளிகைகளையே பார்த்துக்கொண்டிருப்பர். தொற்றுநோய்த் தடுப்புக்காகப் புதிதாய் வந்தோரை நிறுத்தி வைத்த நிலையம் அச்சிறு தீவில்தான் இருந்தது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த கூலிமுகாம்களில் அடைபட்டிருந்து, கப்பலின் மேல்தட்டில் வெயிலிலும் மழையிலும் கிடந்து, வாந்தியெடுத்துச் சோர்ந்து வந்தவர்கள் முதலில் கண்ட மலாயா அதுவே. 1926-ல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலில் சுமார் 5,000 பேர் வரை தட்டுப் பிரயாணிகளை ஏற்ற அனுமதியிருந்தது என்றால், நெருக்கடியை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம். ஜெரஜாக்கில் அவர்களுடைய உடைகளும் மூட்டைகளும் மருந்துநீராலும் நீராவியாலும் சுத்தம் செய்யப்பட்டன, அம்மைப்பால் குத்தப்பட்டது, குறித்த நாள் கழியும்வரை காவல்.

இதில் ஒரு பேதத்தைக் கவனிக்க வேண்டும். தட்டில் வந்தவனுக்குத்தான் தீவு. அறை வாடகை கொடுத்து வந்த கனவான் நேரே பட்டணத்தில் இறங்கி வண்டியேறினான். நோய்க்கிருமி டிக்கட்டின் வகுப்பைப் பார்த்துப் பிடிக்கும் என்பது அக்காலத்து வைத்திய சாஸ்திரம் போலும்! அந்த அறையில் வந்தவர்களுள் நம்மைப்போல் ஆங்கிலம் படித்துத் தோட்டத்துக் கிராணியாக வந்தவர்களும் இருந்தார்கள். பின்னர் அதே தொழிலாளியின் பெயரைச் செக்ரோலில் எழுதுபவர்களும் அவர்களே. இதை நம் கூட்டத்தார் மறவாதிருப்பது நன்று.

ஜெரஜாக்கின் கதை அத்துடன் முடியவில்லை. தொழுநோயாளரையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அங்குக் கொண்டுபோய் வைத்தார்கள். 1969 முதல் 1993 வரை அது சிறைத்தீவாக இருந்தது. வேண்டாதவரை வைக்கும் இடமென்று யாரோ ஒருவர் தீர்மானித்த தீவு, நூறாண்டுக்கு மேலாக அவ்வாறே இருந்திருக்கின்றது.

ஒப்பந்தக் கூலிமுறை 1910-ல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை அதன்பின்னும் நடந்தது. 1938-ல் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற கூலிகள் கப்பலேறுவதைத் தடுத்த பின்பே ஆள்பிடித்தல் ஓய்ந்தது. இடையில் 1930-ஐ ஒட்டிய ரப்பர் விலை வீழ்ச்சியில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். வந்த வாசலே போகிற வாசலுமாயிற்று.

அத்துறையில் மகிழ்ச்சியான நாளும் ஒன்று உண்டு. 1929 டிசம்பரில் ஈ. வெ. ராமசாமிப் பெரியார் கப்பலில் வந்து இறங்கியது பினாங்கிலேதான். வைதிகர் பலர் அவர் வரவை எதிர்த்திருந்தும், பெருந்திரளான மக்கள் துறையில் கூடி வரவேற்றனர். சுயமரியாதைப் பேச்சு இந்நாட்டுத் தோட்டங்களில் பரவியதற்கு அவ்வரவு பெருங்காரணம். துறைமுகத்தில் நிற்கும்பொழுது பிள்ளைகளுக்கு இதனையும் சொல்லுங்கள்.

ஆர்மீனியன் தெருவில் 120-ஆம் எண் வீட்டையும் பார்ப்பது அவசியம். 1910-ல் சீனத் தலைவர் சுன் யாட் சென் பினாங்கில் தங்கிப் புரட்சிக்குத் திட்டமிட்ட காலத்துடன் தொடர்புடைய வீடு அது. சீனர் அதைப் பழுதுபார்த்து, விளக்கம் எழுதி, உலகத்தாருக்குக் காட்டுகின்றனர். 2008-ல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமான பொழுது இத்தகைய வீடுகளுக்கு மதிப்பு இன்னும் உயர்ந்தது. நம்மவர் கோயிலுக்குக் கோபுரம் எழுப்பப் பணம் திரட்டுவதில் சளைத்தவர் அல்லர். மூட்டை சுமந்தவன் குடியிருந்த வீடொன்றைக் காக்கப் பணம் கேட்டால் எத்தனை பேர் கொடுப்பர்?

படகுத்துறைக்கு அருகே கடிகாரக் கோபுரத்துடன் ஒரு வெள்ளைக் கட்டடம் நிற்கின்றது. அதைக் கடைசியில் பார்க்க வைத்துக் கொள்ளலாம். 1907-ல் ரயில்வேக்காரர் கட்டியது. இப்பொழுது சுங்க இலாகாவின் அலுவலகம். தண்டவாளமே இல்லாத ரயில்வே நிலையமென்று அதைக் கேலியாகச் சொல்வதுண்டு. அக்காலத்தில் சீட்டு அங்கே வாங்க வேண்டியிருந்தது. பிறகு படகேறி அக்கரை சேர்ந்து, பிறையில் ரயிலேற வேண்டியிருந்தது. பிறையிலிருந்து சிரம்பான் வரை பாதை 1903-லேயே இணைந்துவிட்டது. நெகிரி செம்பிலானுக்கு வந்தோரில் பலர் போர்ட் சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கியவர்களாயினும், பினாங்கில் இறங்கியவர்களுக்கு இதுதான் வழி. மருந்துநீர் மணம் போகாத துணிமூட்டையும் பித்தளைச் செம்புமாகக் கங்காணியின் பின்னால் அந்தப் படகில் ஏறியவர்கள், இரவெல்லாம் ரயிலில் குந்தியிருந்து வந்து சேர்ந்த இடங்களில்தான் இன்று நம்மிற் பலர் பிறந்த லயங்கள் இருந்தன.