அடைமழைக் காலத்து மிளகு ரசம்

மிளகையும் சீரகத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாகத் தட்டி, புளிக்கரைசலில் போட்டு, நுரை கட்டி வரும்போது இறக்கும் மிளகு ரசம், தமிழ் வீடுகளில் மழைக்கும் பனிக்கும் உரிய உணவு. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. ஐப்பசியில் மழை பிடித்ததும் மோரும் பச்சடியும் குறைந்து, சூடும் காரமும் உள்ள பண்டங்கள் அடுப்புக்கு வருகின்றன. ஆண்டு முழுவதும் மிளகாய்க்கு இடம்கொடுக்கும் சமையல், இந்த மூன்று நான்கு மாதங்களில் மிளகை நோக்கித் திரும்புகிறது. அந்தப் பழக்கத்துக்குப் பின்னே நெடிய வரலாறு இருக்கிறது.

பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. கூதிர்கால வாழ்க்கையை மிக நுட்பமாகக் காட்டும் சங்க நூல் நக்கீரரின் நெடுநல்வாடை. அதில் மழையில் நனைந்த இடையர்கள் நெருப்பில் காய்ந்த கைகளைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு நடுங்குகிறார்கள். நகரத்து மாடங்களில் சாளரங்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. குளிர்ந்த நீரை யாரும் நாடுவதில்லை. இளையோரும் முதியோரும் தடவு எனப்படும் கணப்புச் சட்டியின் நெருப்பை அனுபவிக்கிறார்கள். குளிரின்போது உண்பதையும் குடிப்பதையும் மாற்றிக்கொள்ளும் வழக்கம் அவ்வளவு பழையது.

அந்தக் காலத்துச் சமையலில் காரம் என்றால் மிளகுதான். கறி என்று சங்க நூல்கள் குறிப்பிடும் மிளகு, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் மரங்களைப் பற்றிப் படரும் கொடி. பொன்னோடு வந்த யவனரின் கப்பல்கள் மிளகோடு திரும்பிய முசிறித் துறையை அகநானூறு காட்டுகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பண்டங்களில் மிளகு மூட்டைகளையும் பட்டினப்பாலை சேர்க்கிறது. கடல் கடந்து போன இந்தச் சரக்கு உள்ளூர் அடுப்பிலும் இருந்தது. மாதுளங்காயைப் பசு வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கலந்து செய்த பண்டம் பெரும்பாணாற்றுப்படையில் இடம்பெறுகிறது. மிளகும் கறிவேப்பிலையும் ஒரே பாத்திரத்தில் சேர்வதற்கு மிகப் பழைய சான்றுகளில் இதுவும் ஒன்று.

ரசத்தின் மற்றக் கூறுகளும் இடைக்காலத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டன. அம்பாசமுத்திரத்தில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, வரகுண மன்னர் கோயிலுக்கு ஏற்படுத்திய அன்றாட அமுதுபடியை விவரிக்கிறது. புளிங்கறி, பொரிக்கறி முதலியவற்றோடு, காயம் என்ற பெயரில் ஐந்து பொருள்களை அது வரிசைப்படுத்துகிறது: மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி. இன்றைய ரசப்பொடியிலும் தாளிப்பிலும் இந்த ஐந்தும் அப்படியே இருக்கின்றன. கல்வெட்டு ரசத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. ஆனாலும் ரசத்தை மணக்கச் செய்யும் பொருள்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தொகுதியாகப் புழங்கின என்பதற்கு அது உறுதியான ஆதாரம். புளிப்பின் கதை வேறு. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட புளியமரம் மிகப் பழங்காலத்திலேயே இந்தியாவுக்கு வந்து, வறண்ட நிலத்தில் வேரூன்றி, தென்னாட்டுச் சமையலின் நிலையான புளிப்பாகிவிட்டது.

பெரிய மாற்றம் 16ஆம் நூற்றாண்டில் வந்தது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்ததற்குப் பின், போர்த்துக்கீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்து மிளகாய் இந்தியாவில் பரவியது. மிளகுக்கொடிக்கு நிழலும் ஈரமும் வேண்டும். நட்டுச் சில ஆண்டுகள் கழித்தே காய்க்கும். மிளகாயோ சில மாதங்களில் காய்த்துவிடும். கொல்லைப்புறத்திலும் வளரும், இராமநாதபுரம் போன்ற வறண்ட சீமையிலும் வளரும். ஏழைக்கும் எட்டிய காரம் அது. அதனால் குழம்பு, துவையல், ஊறுகாய் என அன்றாடச் சமையல் முழுவதும் மிளகாயின் கைக்குப் போயிற்று. நாள்தோறும் வைக்கும் ரசத்திலும் மிளகாய் வற்றல் நுழைந்தது.

மிளகு மூன்று இடங்களில் தன் ஆட்சியை விடவில்லை. முதலாவது, வழிபாடும் சடங்கும். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் இட்லிக்கு மிளகும் சீரகமும் சுக்குமே மணம். பல பிராமண வீடுகளில் திவசச் சமையலுக்கு மிளகாயும் தக்காளியும் இன்றும் ஆகாது. இரண்டாவது, மருந்து. சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றையும் திரிகடுகம் என்று சித்த மருத்துவம் போற்றுகிறது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் கொடுக்கும் பத்தியச் சாப்பாட்டில் மிளகாய் விலக்கு. மிளகும் பூண்டும் விதி. மூன்றாவது, குளிர்காலம். சளியும் இருமலும் பெருகும் மாதங்களில் வீட்டில் உள்ள எல்லாருக்குமே பத்தியத்தின் காரம் பொருந்தியது. இப்படிப் பத்தியத்துக்கும் விருந்துக்கும் நடுவே நிற்கும் உணவாக மிளகு ரசம் நிலைபெற்றது. மார்கழி விடியலில் கோயில்களில் தரும் வெண்பொங்கலில் முழு மிளகும் சீரகமும் நெய்யில் பொரிந்து கிடப்பதும், மழை நாளில் சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் சுக்குக் காப்பியும் அந்த மரபைச் சேர்ந்தவையே.

மிளகு ரசத்தின் செய்முறை அடுப்பறை அனுபவத்தால் திருந்தியது. மிளகின் காரத்தைத் தரும் பைப்பரின் கொதியில் எளிதில் போய்விடாது. மணத்தைத் தரும் எண்ணெய்களோ ஆவியாகிப் பறந்துவிடும். ஆகவேதான் புளிக்கரைசலைப் பச்சை வாசம் போகக் கொதிக்கவிட்டு, தட்டிய மிளகு சீரகத்தைப் பிந்திச் சேர்த்து, மேலே நுரை கூடியவுடன் இறக்கிவிடுகிறார்கள். அம்மியிலோ சிற்றுரலிலோ அப்போதைக்கப்போது தட்டுவதற்கும் காரணம் அதுவே.

பழைய வீடுகளில் ரசத்துக்கென்றே ஈயச் சொம்பு இருந்தது. இது காரீயம் அல்ல, வெள்ளீயம். 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் உலோகம் என்பதால் வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றக்கூடாது. உள்ளே ரசம் இருக்கும்வரை அதன் சூடு நீரின் கொதிநிலையான 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். முதலில் நீரை ஊற்றி அதன்பின் அடுப்பில் வைப்பதும், எரிநெருப்பைத் தவிர்த்துத் தணலில் வைப்பதும், தாளிப்பை இரும்புக் கரண்டியில் தனியே செய்து கொட்டுவதும் இந்தப் பாத்திரத்தைக் காத்த முறைகள்.

18ஆம் நூற்றாண்டில் சென்னையில் குடியேறிய ஆங்கிலேயர் மிளகுத் தண்ணீரைத் தங்கள் மேசைக்குக் கொண்டுபோனார்கள். உணவை சூப்பில் தொடங்குவது அவர்கள் வழக்கம். அதற்கேற்ப இறைச்சிச் சாறும் வெங்காயமும் மாவும் சேர்ந்து, மல்லிகடானி என்ற கெட்டியான சூப் உருவானது. 1784 முதல் அதன் பெயர் ஆங்கில எழுத்தில் காணப்படுகிறது. 1845இல் எலைசா ஆக்டன் எழுதியது போன்ற சமையல் நூல்கள் வழியாக, இங்கிலாந்தின் குளிர்ந்த வீடுகளுக்கும் அதன் செய்முறை சென்றது. சென்னைப் படை அதிகாரியாக இருந்த கென்னி ஹெர்பர்ட், 1878இல் வெளியிட்ட தம் சமையல் நூலில் அதைப் பற்றியும் எழுதினார். தமிழ் வீட்டின் ரசமோ அந்தத் திசையில் போகவில்லை. சோற்றோடு பிசைந்து உண்ணும் தெளிந்த சாறாகவே தொடர்ந்தது.

தமிழ் வீட்டு ரசத்தில் கடைசியாக வந்து சேர்ந்த பெரிய பொருள் தக்காளி. அதுவும் அமெரிக்கக் கண்டத்துப் பயிரே. முதலில் ஐரோப்பியர் தேவைக்காகப் பயிரிடப்பட்டு, 20ஆம் நூற்றாண்டில்தான் தமிழ்க் குடும்பங்களின் அன்றாடச் சமையலில் ஊன்றியது. தாயிடமிருந்து மகளுக்குக் கைப்பழக்கமாகப் போய்க்கொண்டிருந்த அளவுகளும் அதே நூற்றாண்டில் அச்சேறின. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ புத்தகம், புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்களுக்கும் ஊரைவிட்டு வெளியே போனவர்களுக்கும் ரச வகைகளைக் கற்றுக்கொடுத்தது.

வட்டாரத்துக்கு வட்டாரம் குளிர்கால ரசத்தின் அடிப்படை மாறுகிறது. கொங்கு நாட்டில் கொள்ளை வேகவைத்து, அந்த நீரிலேயே ரசம் வைப்பார்கள். தஞ்சைப் பகுதிப் பிராமண வீடுகளில் கண்டந்திப்பிலி ரசம் மழைக்கால வழக்கம். தூதுவளை கிடைக்கும் ஊர்களில் அதன் இலை சேரும். முள்ளைக் களைந்து நெய்யில் வதக்கியே போடுவார்கள். கடலோர ஊர்களில் நண்டு ரசமும், உள்நாட்டில் நாட்டுக்கோழி ரசமும் ஆட்டு எலும்பு ரசமும் சளிக்கு உகந்தவையாகக் கருதப்படுகின்றன. இலங்கைத் தமிழர் வீடுகளில் மிளகோடு கொத்தமல்லியும் தூக்கலாக இருக்கும். தடிமன் பிடித்தவருக்கு மல்லித் தண்ணீரையும் காய்ச்சிக் கொடுப்பார்கள்.

சூடான ரசத்தின் ஆவி மூக்கடைப்பைச் சற்றே தளர்த்தும். மிளகின் காரம் நாக்கில் வெம்மையுணர்வைத் தூண்டும். சோறும் நெய்யும் சேரும்போது, பசி மங்கிய வயிற்றுக்கும் எளிதில் உணவு இறங்கும். நோயைத் தீர்ப்பதாக இதற்கு மேல் உரிமை கோரத் தேவையில்லை. மலிவு விலையில் வந்த மிளகாயிடம் அன்றாடத்தை இழந்த மிளகு, இந்த ஆறுதலைத் தந்ததனால்தான் குளிர் மாதங்களைத் தன் பங்காக வைத்துக்கொண்டது.