லினக்ஸ் கருனியின் நினைவக, பல்செயலித் தெரிவுகள்

லினக்ஸ் கருனியின் நினைவக, பல்செயலித் தெரிவுகள் என்பன, கருனியை மூலநிரலிலிருந்து தொகுக்கும்போது அது எவ்வளவு நினைவகத்தையும் எத்தனை செயலிகளையும் கையாள வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அமைவுகள் ஆகும். "மேக் மெனுகான்ஃபிக்" என்னும் கட்டளை தரும் பட்டியலில் இவற்றைத் தெரிவு செய்யலாம். பொருந்தாத தெரிவினால் நினைவகத்தின் ஒரு பகுதியோ செயலிகளோ பயன்படாமல் போகும். சில வேளைகளில் கணினி தொடங்காமலே நின்றுவிடும்.

நினைவகத் தெரிவுகள்

32-பிட் எக்ஸ்86 செயலியில் ஒரு நிரலுக்குக் கிடைக்கும் முகவரிவெளி 4 கிகாபைட்டு ஆகும். லினக்ஸ் வழக்கமாக இதில் 3 கிகாபைட்டைப் பயனர் நிரல்களுக்கும் 1 கிகாபைட்டைக் கருனிக்கும் ஒதுக்குகிறது. கருனியின் பங்கில் 128 மெகாபைட்டு பிற தேவைகளுக்காக விடப்படுவதால், 896 மெகாபைட்டு நினைவகத்தை மட்டுமே கருனி நேரடியாக அணுக இயலும். இப்பகுதி தாழ்நினைவகம் எனவும், எஞ்சியது உயர்நினைவகம் எனவும் அழைக்கப்படுகின்றன. இதன் அடிப்படையில் மூன்று தெரிவுகள் இருந்தன.

* உயர்நினைவகம் இன்றி: 896 மெகாபைட்டு வரை போதுமானது. 1 கிகாபைட்டு உள்ள கணினியில் 128 மெகாபைட்டு வீணாகும்.
* 4 கிகாபைட்டு: உயர்நினைவகப் பக்கங்களைக் கருனி தேவைப்படும்போது மட்டும் தற்காலிகமாக இணைத்துக்கொள்ளும். இதனால் வேகம் சிறிது குறையும்.
* 64 கிகாபைட்டு: 1995இல் வெளியான பென்டியம் புரோ செயலியில் அறிமுகமான பிஏஇ என்னும் முகவரி நீட்டிப்பைப் பயன்படுத்தும். இதில் பருநிலை முகவரி 36 பிட்டு ஆகும்.

பிஏஇ இல்லாத செயலியில் மூன்றாவது தெரிவுடன் தொகுத்த கருனி தொடங்காது. நினைவகம் மிகுந்த கணினிகளிலும் இத்தெரிவுக்கு ஓர் இடர் உண்டு. ஒவ்வொரு 4 கிலோபைட்டுப் பக்கத்திற்கும் ஏறத்தாழ 32 பைட்டு விவரக்குறிப்பு தாழ்நினைவகத்திலேயே வைக்கப்படும். 64 கிகாபைட்டுக்கு இதுவே 512 மெகாபைட்டு ஆகும். எனவே உயர்நினைவகம் காலியாக இருந்தும் தாழ்நினைவகம் தீர்ந்து கணினி முடங்கக்கூடும். 64-பிட் கருனியில் இச்சிக்கல் எழுவதில்லை. அங்கு உயர்நினைவகத் தெரிவுகளும் இல்லை.

பல்செயலித் தெரிவு

சமச்சீர் பல்செயலாக்கம் (எஸ்எம்பி) 1996இல் வெளியான லினக்ஸ் 2.0 பதிப்பில் இடம்பெற்றது. இத்தெரிவின்றித் தொகுத்த கருனி, எத்தனை செயலிகள் இருப்பினும் ஒன்றை மட்டுமே பயன்படுத்தும். பல கருக்கள் கொண்ட ஒற்றைச் சில்லுக்கும் இது பொருந்தும். எஸ்எம்பி கருனி ஒற்றைச் செயலிக் கணினியிலும் இயங்கும்; ஆனால் தரவைக் காக்கும் பூட்டுகளால் சிறிது சுமை கூடும்.

தொடக்கத்தில் ஒரே பெரும்பூட்டு கருனி முழுவதையும் காத்தது. ஒரு செயலி கருனிக்குள் இருக்கும்போது மற்றவை காத்திருக்க நேர்ந்தது. இது படிப்படியாகச் சிறு பூட்டுகளாகப் பிரிக்கப்பட்டு, 2011இல் வெளியான 2.6.39 பதிப்பில் முற்றாக நீக்கப்பட்டது.

செயலிகளின் உச்ச எண்ணிக்கையும் தனி அமைவாக உள்ளது. அதைத் தேவைக்கு மேல் உயர்த்தினால் நினைவகம் வீணாகும்.

இன்றைய நிலை

64-பிட் செயலிகள் பரவியதால் 64 கிகாபைட்டுத் தெரிவின் தேவை குறைந்தது. 2025இல் வெளியான லினக்ஸ் 6.15 பதிப்பில் எக்ஸ்86 கட்டமைப்பிலிருந்து அது நீக்கப்பட்டது. 64-பிட் செயலி உள்ள கணினிக்கு 64-பிட் எஸ்எம்பி கருனியே பொருத்தமானது.

இவற்றையும் பார்க்கவும்

* இயங்குதளம்
* மெய்நிகர் நினைவகம்