நிறத்துக்கும் ஓர் எடைக்கல்



சென்ற ஆண்டு மலரின் அட்டைப் படம் உங்களுக்கு நினைவிருக்கும். நம் பிள்ளைகளின் நீலச் சீருடை அதில் ஊதாவாக வந்துவிட்டது. "என்ன சார், நம்ம பிள்ளைங்க வேற ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி இருக்காங்களே!" என்று ஒரு தாயார் கேட்டார். எனக்குத் தலைகுனிவாகப் போயிற்று. நேரே அச்சகத்துக்குப் போய், அங்கிருந்த தம்பியிடம் சத்தம் போட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் கணினித் திரையைக் காட்டினார். அதில் நீலம் நீலமாகத்தான் இருந்தது! அப்படியானால் தவறு எங்கே? அதைத் தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

கதை 1861-ஆம் ஆண்டு லண்டனில் தொடங்குகிறது. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் அறிஞர், ஒரு வண்ண நாடாவைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வடிகட்டிகளின் வழியே தனித்தனியாகப் படம் எடுக்கச் செய்தார். அந்த மூன்று படங்களையும் அதே நிற ஒளிகளால் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் விழச் செய்தார். வண்ணப் படம் தோன்றிற்று! இன்றைய கணினித் திரையும் இந்த மூன்று ஒளிகளைக் கலந்தே நிறம் காட்டுகிறது. ஸ்கேனரும் படத்தை இம்மூன்றாகப் பிரித்தே படிக்கிறது.

ஆனால் காகிதம் ஒளி வீசுமா? வீசாது. அதன்மேல் படியும் மை, விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்கிறது. மிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. அச்சுக்கு உரியவை சயான் என்னும் பச்சை கலந்த நீலம், மெஜந்தா என்னும் ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகள். சயானும் மெஜந்தாவும் சேர்ந்தால் நீலம். மெஜந்தா சற்றுக் கூடினாலோ ஊதா!

தோட்டத்தில் ஆளுக்கொரு தராசு வைத்துப் பால் நிறுத்தால் சண்டை ஓயுமா? எல்லாருக்கும் பொதுவான எடைக்கல் வேண்டுமல்லவா? நிறத்துக்கும் அப்படி ஒன்று தேவைப்பட்டது.

1920-களின் இறுதியில் இங்கிலாந்தில் டேவிட் ரைட் 10 பேரையும், ஜான் கில்ட் 7 பேரையும் சோதித்தார்கள். ஒரு பக்கம் ஒரு நிற ஒளி. மறுபக்கம் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளின் கலவை. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்வரை கலவையைக் கூட்டிக் குறைக்க வேண்டும். எவ்வளவு பொறுமை வேண்டும், பாருங்கள்! அந்த 17 பேரின் கண் கண்டதை வைத்து, 1931-இல் கேம்பிரிட்ஜில் கூடிய அனைத்துலக ஒளியியல் ஆணையம் நிறங்களை எண்களால் குறிக்கும் முறையை ஏற்றது. அது இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

பிறகு 1993-இல் 8 நிறுவனங்கள் சேர்ந்து அனைத்துலக நிறக் கூட்டமைப்பை அமைத்தன. 'இந்த எண்ணைக் கொடுத்தால் நான் இந்த நிறத்தைத் தருவேன்' என்று ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு சான்றிதழ் எழுதும் பொது முறையை அது வகுத்தது. கணினி இருபக்கச் சான்றிதழையும் படித்துக் கணக்கை மாற்றிக் கொடுக்கும். மையால் எட்ட முடியாத நிறமென்றால், கிட்டத்தட்ட அதைப்போன்ற ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்.

அந்தத் தம்பியின் கண்ணில் குறையில்லை. திரையும் அச்சு இயந்திரமும் ஒரே கல்லால் நிறுக்கப்படவில்லை, அவ்வளவுதான். மறுபடியும் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இம்முறை முதலில் ஒரு மாதிரித் தாள் அடித்து, சீருடைத் துணியோடு பகல் வெளிச்சத்தில் வைத்து ஒப்பிட்டோம்.

மாணவர்களே, ஒருவரைக் கோபிக்குமுன், இருவர் கையிலும் இருப்பது ஒரே அளவுகோல்தானா என்று பாருங்கள். பாடம் எனக்கும் சேர்த்துத்தான்.

வாழ்க நம் பள்ளி!