குழந்தையை மடியில் வைத்து காரில் போகலாமா? சட்டம் சொல்வது என்ன? முழு விவரம்

சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. திருப்பூரில் பல குடும்பங்கள் காரில் வெளியே கிளம்பும் நாள் அதுதான். அப்பா வண்டி ஓட்ட, முன் சீட்டில் அம்மா, அவர் மடியில் கைக்குழந்தை. கேட்டால், "பக்கத்துல தானுங்க, நான் புடிச்சுக்கறேன்" என்பார்கள். ஆனால் கார் மோதும்போது யாராலும் குழந்தையைப் பிடித்துக்கொள்ள முடியாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்தான். 64,105 விபத்துகளில் 17,884 பேர் உயிரிழந்தனர்.

கையில் பிடித்தால் போதாதா?

50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி நின்றாலும், பெல்ட் போடாத குழந்தை அதே வேகத்தில் முன்னே வீசப்படும். இது மூன்றாவது மாடியில் இருந்து விழுவதற்குச் சமம். 10 கிலோ குழந்தை அந்த நொடியில் சுமார் 140 கிலோ எடையுள்ளது போல இழுக்கும். 20 கிலோ துணி ரோல் ஏழை ஒரே நேரத்தில் கையில் தாங்குவது போல!

அம்மா பெல்ட் போடவில்லை என்றால் அவரது எடையும் குழந்தை மேல் விழும். இருவருக்கும் சேர்த்து ஒரே பெல்ட் போட்டால், நடுவில் குழந்தை நசுங்கும். முன் சீட்டில் ஏர்பேக் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பெரியவரைக் காக்க வேகமாக விரியும் அந்தப் பை, மடியில் இருக்கும் குழந்தையின் தலையில் அடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 2019 செப்டம்பர் 1 முதல் அமலில் உள்ளது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை சீட் பெல்ட்டோ, சைல்டு சீட்டோ இல்லாமல் காரில் இருந்தால் ரூ.1,000 அபராதம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 'பெல்ட் அல்லது சைல்டு சீட்' என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் கார் பெல்ட் பெரியவர்களின் உடல் அளவுக்குச் செய்யப்பட்டது. சின்னக் குழந்தைக்குப் போட்டால் கழுத்திலும் வயிற்றிலும் அழுத்தும். அபராதத்தில் இருந்து தப்பலாம், காயத்தில் இருந்து தப்ப முடியாது.

எந்தக் குழந்தைக்கு எந்த சீட்?

* பிறந்தது முதல் சுமார் 13 கிலோ வரை: காரின் பின்பக்கம் பார்த்து உட்காரும் சீட். குறைந்தது 15 மாதம் வரை இதுவே நல்லது. கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்து பலவீனம். மோதும்போது இந்த சீட் தலையையும் முதுகையும் சேர்த்துத் தாங்கும்.
* சுமார் 18 கிலோ வரை: தோள், இடுப்பு, கால் நடுவே வார் உள்ள, முன்பக்கம் பார்த்த சீட்.
* அதற்கு மேல்: பூஸ்டர் சீட். கார் பெல்ட் தோளின் நடுவிலும், இடுப்பு எலும்பின் மேலும் சரியாகப் படியும் உயரம் வரும் வரை தேவை. பெரும்பாலும் 135 முதல் 150 செ.மீ. உயரத்தில்தான் இது படியும்.

வாங்கும்போது, பொருத்தும்போது

சீட்டின் லேபிளில் ஏஐஎஸ் 072 அல்லது ஐரோப்பிய தரக் குறியீடான இசிஇ ஆர்44, ஆர்129 இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சீட் வாங்கினால், அது விபத்தில் சிக்காதது என்பது உறுதியாகத் தெரிய வேண்டும்.

எப்போதும் பின் இருக்கையில்தான் பொருத்த வேண்டும். ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் பின்பக்கம் பார்த்த சீட்டை வைக்கவே கூடாது. பொருத்திய பின் பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. தோள் வார் தொளதொளவென்று இருக்கக் கூடாது. வெயிலில் நின்ற கார் என்றால், பக்கிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு குழந்தையை உட்கார வையுங்கள்.

பழைய கார்களில் பின்னால் இடுப்பு பெல்ட் மட்டுமே இருக்கும். பல சைல்டு சீட்டுகளுக்குத் தோள் பெல்ட்டும் தேவை. எனவே காரைக் கடைக்கே ஓட்டிப்போய், பொருத்திப் பார்த்து வாங்குவது நல்லது.

பைக்கில் போனால்?

2023 பிப்ரவரி 15 முதல், 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவருடன் இணைக்கும் சேஃப்டி ஹார்னஸ் கட்டாயம். 9 மாதம் முதல் 4 வயது வரை, தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. 4 வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

சைல்டு சீட்டின் விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்குகிறது. முதல் சில நாள் குழந்தை அழும், அடம்பிடிக்கும். பிறகு பழகிவிடும். அவிநாசி பைபாஸில் போனாலும், பக்கத்துத் தெருவுக்குப் போனாலும், குழந்தைக்கு பெல்ட் மாட்டிய பிறகே சாவியைத் திருப்புங்கள்.