100% சொட்டுநீர்ப் பாசன மானியம்: போடி விவசாயிகளில் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது?

மலையில் ஏலக்காயும் காபியும், அடிவாரத்தில் மா, தென்னை, பருத்தி. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் மழை ஏமாற்றிவிட்டால் கிணறும் போர்வெல்லும்தான் கதி. இருக்கிற தண்ணீரை மிச்சப்படுத்த சொட்டுநீர்க் குழாயோ தெளிப்பானோ போடுபவர்களுக்கு அரசு மானியம் தருகிறது. 'ஃபுல்லா ஃப்ரீ' என்று நம்பி இறங்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

யாருக்கு எவ்வளவு?

5 ஏக்கர் வரை நிலம் உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம். மற்றவர்களுக்கு 75 சதவீதம், அதிகபட்சம் 12.5 ஏக்கர் வரை. 'ஒவ்வொரு துளியிலும் அதிகப் பயிர்' எனும் மத்திய அரசுத் திட்டத்தின் விதிப்படி மானியம் 55 மற்றும் 45 சதவீதம்தான். மீதியைத் தமிழ்நாடு அரசு தன் நிதியிலிருந்து சேர்த்துத் தருகிறது.

பணம் கைக்கு வருமா?

வராது. விவசாயி தேர்வு செய்யும் நிறுவனம் குழாய்களை அமைத்துக் கொடுக்கும். அதிகாரிகள் ஆய்வு செய்த பிறகு மானியம் அந்த நிறுவனத்துக்குப் போகும். 75 சதவீதப் பிரிவில் இருப்பவர்கள் தங்கள் பங்கை நிறுவனத்திடம் கட்ட வேண்டும்.

100 சதவீதம்னா செலவே இல்லையா?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பயிர் இடைவெளி, பரப்பளவைப் பொறுத்து அரசு ஒரு செலவு வரம்பு வைத்திருக்கிறது. 100 சதவீதம் என்பது அந்த வரம்புக்குள் மட்டும்தான். அதைத் தாண்டினால் கூடுதல் தொகை விவசாயி தலையில்தான். அதனால் கையெழுத்துப் போடும் முன் மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஏலத் தோட்டத்துக்குக் கிடைக்குமா?

போடியில் வசிக்கும் பலரின் ஏலத் தோட்டம் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. வீடு தமிழ்நாட்டில் இருந்தாலும் நிலம் கேரளத்தில் என்றால் தமிழ்நாட்டின் 100 சதவீதம் அங்கே செல்லாது. கேரள வேளாண் துறையிடமோ நறுமணப் பொருட்கள் வாரியத்திடமோதான் விசாரிக்க வேண்டும். தமிழ்நாட்டு எல்லைக்குள் பட்டா நிலம் வைத்திருப்பவர்கள் இங்கேயே விண்ணப்பிக்கலாம்.

என்னென்ன ஆவணங்கள்?

சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம். 100 சதவீதம் வேண்டும் என்றால் தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயி சான்று கட்டாயம். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் முதலில் பட்டா மாறுதலை முடித்துவிடுங்கள். குத்தகைக்காரர்களுக்குக் குறைந்தது 7 ஆண்டு குத்தகை ஒப்பந்தம் தேவை. வாய்மொழிக் குத்தகை செல்லாது.

எங்கே விண்ணப்பிப்பது?

மா, வாழை, காய்கறி, ஏலக்காய் போட்டிருந்தால் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். பருத்தி, கரும்பு என்றால் வேளாண்மை விரிவாக்க மையம். உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம்.

மறுபடி கிடைக்குமா?

ஒருமுறை மானியம் வாங்கிய நிலத்துக்கு 7 ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் விண்ணப்பிக்க முடியும். குழாயை எலி கடித்தாலும், உப்பு அடைத்தாலும் அதுவரை பராமரிப்பு உங்கள் பொறுப்பு. அதனால் அமைக்கும்போதே வடிகட்டி சரியாக வேலை செய்கிறதா, எல்லா வரிசைக்கும் தண்ணீர் போய்ச் சேருகிறதா என்று ஓடவிட்டுப் பார்த்த பிறகே பணி முடிந்ததாகக் கையெழுத்துப் போடுங்கள்.