குடி என்னும் தாய்ச்சொத்து

இலங்கையின் கிழக்குக் கரையில் முஸ்லிம் ஊர்களான கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ கலியாணப் பேச்சு எடுத்தால், மாப்பிள்ளையின் தொழில், பெண்ணின் வளவு என்று விசாரணை தொடங்கும் முன்னரே மூத்த பெண்மணி ஒருவர் கேட்பார்: "ஆக்கள் என்ன குடி?" தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் காதில் இது மதுப்பழக்கத்தை விசாரிப்பதுபோல விழும். பருகுவதைச் சொல்லும் குடி வேறு, இது வேறு. இந்தக் குடிக்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் அது தாய்வழியாகப் பெயரோடு இறங்கிவரும் உறவாக இன்னும் உயிரோடு இருக்கிறது.

பழந்தமிழில் குடி என்றால் வீடு. வீட்டில் வாழும் குடும்பம். அந்தக் குடும்பம் வந்த வழி. அவர்கள் இருந்த ஊர். நான்கும் ஒரே சொல்லுக்குள் அடங்கின. புறநானூற்றின் 335ஆம் பாடல் நான்கு குடிகளைப் பெயர் சொல்லி எண்ணுகிறது. பாடியவர் மாங்குடி கிழார். பாட்டுக்குள் இருக்கும் குடி மனிதக் கூட்டம், பாடியவர் பெயரில் இருக்கும் குடி ஊர். திருக்குறளில் குடிமை என்று ஓர் அதிகாரமும் (96), குடிசெயல்வகை என்று இன்னோர் அதிகாரமும் (103) உள்ளன. இரண்டிலும் குடி என்பது பிறந்த வழி. மலையாளத்தில் குடி என்றால் இன்றும் வீடு. தெலுங்கில் அதே வேர் கோயிலைக் குறிக்கப் போய்விட்டது. நம்முடைய குடிலும் குடிசையும் இதே கிளையில் வந்தவை.

பிறகு அரசு இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. குடியரசு, குடியுரிமை, குடிசன மதிப்பு, குடியேற்றம் என்று அலுவலகத் தாள்களில் ஏறியது. இலங்கையின் பெயரிலேயே 1972 முதல் குடியரசு என்ற சொல் இருக்கிறது. ஆனால் இவற்றில் எந்தக் குடிக்கும் தாய் இல்லை. எங்கள் கரையின் குடிக்குத் தாய் இருக்கிறாள். அதுதான் வேறுபாடு.

எங்கள் கரையில் குடி என்றால் தாய்வழி வந்த கூட்டம். பிள்ளைக்கு உம்மாவின் குடி. உம்மாவுக்கு அவருடைய உம்மாவின் குடி. வாப்பாவின் குடி பிள்ளைக்கு வராது. ராசாம்பிள்ளை குடிப் பெண்ணை லெப்பைக் குடி ஆண் முடித்தால், பிறக்கும் மகனும் மகளும் ராசாம்பிள்ளை குடி. மகன் வரிசைநாச்சி குடியில் பெண் எடுத்தால் அவன் பிள்ளைகள் வரிசைநாச்சி குடியாகிவிடுவார்கள். மகளுடைய பிள்ளைகள்தான் ராசாம்பிள்ளை குடியைத் தொடர்வார்கள். ஆகவே ஒரு வீட்டில் ஆண்பிள்ளைகள் மட்டும் பிறந்தால், அந்த வீட்டோடு அந்தக் கிளை அற்றுப்போகும். பெண்பிள்ளை பிறந்தால் முகம் சுளிக்கும் ஊர்கள் நிறைந்த தெற்காசியாவில், மகள் இல்லாவிட்டால் வழி முடியும் என்று கணக்கு வைத்த ஊர்கள் இவை.

குடிக்குள் இன்னும் நெருங்கிய ஒரு பிரிவு உண்டு. அதற்கு வயிற்றுவார் என்று பெயர். பேச்சில் "வயித்துவார்". ஒரே வயிற்றின் வழியாக வந்தவர்கள் என்று பொருள். வாரிசு, வம்சம் என்ற சொற்களெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் வயிற்றைச் சொல்லி உறவை அளந்த இந்தச் சொல் பெரிய அகராதிகளில் இடம்பெற வேண்டிய சொல்.

ஒரே குடிக்குள் கலியாணம் கூடாது என்பது பழைய விதி. உம்மாவின் ராத்தா, தங்கச்சி பிள்ளைகள் எல்லாம் ஒரே குடி, ஆகவே உடன்பிறப்புகள். மாமாவின் பிள்ளைகள் வேறு குடி. ஆகவே மச்சான், மச்சி. உறவுமுறைப் பெயர்களும் குடியின் எல்லையும் இப்படிப் பொருந்தி நிற்பதால், படிக்காத மூத்தம்மா ஒருவர் நூறு பேருடைய முறையைத் தடுமாறாமல் சொல்லிவிடுவார். இன்று இந்த விதி தளர்ந்துவிட்டது. குடி பார்க்காமலே முடிகிறார்கள், பலருக்குத் தம் குடியின் பெயரே தெரியாது.

இந்த வழக்கம் எப்படி வந்தது? மட்டக்களப்புத் தமிழர், குறிப்பாக முக்குவர், இதே தாய்வழிக் குடி முறையைக் கொண்டவர்கள். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்று அவர்களுக்கும் பெயர்கள் உண்டு. 1962இல் எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் குடிகளின் கதைகளால் நிறைந்தது. முக்குவருக்கும் திமிலர் என்ற சாதியினருக்கும் நடந்த சண்டையில் முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்றார்கள், அதற்குக் கைம்மாறாக முக்குவப் பெண்களை மணம் முடித்தார்கள் என்பது இரண்டு சமூகங்களிலும் வழங்கும் கதை. வந்தவன் ஆண், மண் பெண்ணுடையது என்றால் குடி அவள் பக்கமே நிற்கும். கதையில் எவ்வளவு வரலாறு என்பது ஒருபுறமிருக்க, இரண்டு சமூகமும் ஒரே முறையில் உறவு எண்ணுகின்றன என்பதைக் கண்ணால் காணலாம். 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, தமிழரும் முஸ்லிம்களும் பகிர்ந்துகொள்ளும் இந்தக் குடி முறையைத் தம்முடைய 2008ஆம் ஆண்டு நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். யுத்த காலத்தில் இரு சமூகங்களுக்கும் இடையே இரத்தம் சிந்தப்பட்ட இதே கரையில்தான், இருவருடைய தாய்வழியும் ஒரே சொல்லால் அழைக்கப்படுகிறது. இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் பாடசாலையில் சொல்வதில்லை.

குடிக்கு வீட்டுக்கு வெளியேயும் வேலை இருந்தது. கோயிலில் ஒவ்வொரு குடிக்கும் திருவிழா முறை. நிருவாகத்தில் குடியின் பேரால் வண்ணக்கர் என்ற பொறுப்பாளர். பள்ளிவாசலில் அதே இடத்தில் மரைக்கார். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மரைக்காயர், மரைக்கார் என்பது கடலோடிக் குடும்பங்களின் பட்டப்பெயர். இங்கே அது ஒரு பதவி. குடிக்கு ஒரு மரைக்கார். அவர்கள் சேர்ந்தால் மரைக்கார் சபை. கந்தூரிக்குப் பணம் பிரிப்பது, குடும்பச் சண்டையை விளங்கித் தீர்ப்பது எல்லாம் அவர்கள் கையில். 1956ஆம் ஆண்டு வக்பு சட்டம் வந்து பள்ளிவாசல்கள் பதிவு செய்யப்பட்டு நம்பிக்கையாளர் சபைகள் அமைந்த பிறகும், பல ஊர்களில் அந்தச் சபைக்கு ஆள் எடுக்கும்போது குடியைப் பார்த்தே எடுத்தார்கள்.

சட்டத்தோடு இந்தச் சொல் பட்ட பாடு தனிக்கதை. முக்குவர் வழக்கத்தில் ஓர் ஆணின் பரம்பரைச் சொத்து அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. கிறிஸ்தோபர் பிரிட்டோ இந்த முக்குவர் சட்டத்தை நூலாக எழுதி வெளியிட்டது 1876இல். அதே 1876இல் குடியேற்ற ஆட்சி கொண்டுவந்த சொத்துரிமைச் சட்டம் அந்த வழக்கத்தை முடித்துவைத்தது. முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி ஷரீஅத் வாரிசுரிமை. அதன்படி மகனுடைய பங்கில் பாதி மகளுக்கு. அப்படியிருந்தும் கல்முனையில் வீடும் வளவும் பெண்கள் பேரிலேயே இருக்கின்றன. எப்படி? உம்மாவும் வாப்பாவும் உயிரோடு இருக்கும்போதே, மகளின் கலியாணத்துக்கு முன் வீட்டை அவள் பேருக்கு உறுதி முடித்துவிடுகிறார்கள். மவுத்துக்குப் பிறகு பங்கு பிரிக்க அந்த வீடு இருப்பதில்லை. சட்டத்தையும் மார்க்கத்தையும் மீறாமல் தாய்வழியைக் காப்பாற்றிக்கொண்ட வழி இது.

மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பான். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அடுத்த மகளுக்காக அதே வளவில் இன்னொரு வீடு கட்டுவார்கள். இப்படியே ஒரு வளவில் ராத்தாவும் தங்கச்சிகளும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் ஒரு கிணறு. ஒருத்தி பிள்ளைக்கு மற்றவள் சோறு தீத்துவாள். இதற்கு ஒரு கனத்த விலையும் உண்டு. மூன்று மகள்மாரைப் பெற்ற ஏழைத் தகப்பன் மூன்று வீடு கட்ட மத்திய கிழக்கில் வாழ்நாளைக் கரைக்கிறான். சில வீடுகளில் தாயே வீட்டு வேலைக்குப் போகிறாள். பெண்ணுக்குச் சொந்த வீடு என்ற நல்ல வழக்கம், சீதனமாகக் கேட்டு வாங்கும் வழக்கமாகவும் திரிந்துவிட்டது. இதைக் கண்டிக்காமல் குடியின் பெருமை மட்டும் பேசுவது நியாயமில்லை.

மார்க்கமும் தாய்வழியும் சேர்ந்து போகாது என்று சொல்பவர்கள் உலகத்தைப் பார்க்க வேண்டும். சுமத்ராவின் மினாங்கபாவு மக்கள் முஸ்லிம்கள், குலம் தாய்வழி. கண்ணூர் அறக்கல் அரச குடும்பத்தில் ஆட்சி தாய்வழியில் போனது, பீவிமார் ஆண்டார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீடு மகளுக்குத்தான். ஆனால் காயலில் வீடு மட்டும் மகளுக்குப் போகிறது. பெயர் கொண்ட தாய்வழிக் குடி அங்கே இல்லை. கல்முனையில் இரண்டும் இருக்கின்றன.

அரசுக்கு இந்த முறை விளங்கியதே இல்லை. 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தோடு அரசின் குடியேற்றம் இங்கே வந்தது. குடியேற்றத்தில் குடி என்பது அனுமதிப்பத்திரத்தில் பேர் எழுதப்பட்ட ஆண். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் வாரிசு அட்டவணையில், 2022இல் அது திருத்தப்படும்வரை, மகளுக்கு முன் மகன் இருந்தான். அதே தவறு 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகும் நடந்தது. இலங்கையில் அதிக உயிர்களைக் கடல் கொண்டுபோன மாவட்டம் அம்பாறை. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கரைப்பக்கம் முழுவதும் அழிந்தது. அழிந்த வீடுகள் பெண்களுடையவை. பதிலுக்குக் கட்டிய வீடுகளின் பத்திரத்தில் பல இடங்களில் ஏறியது குடும்பத் தலைவர் என்ற ஆணின் பேர். மகளுக்கு என்று உம்மா கொடுத்த வீடு ஒரே காலையில் கடலோடு போய், திரும்பி வந்தபோது மருமகனுடையதாக வந்தது. பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. குடி என்ற சொல்லின் பொருளைக் கேட்டு விசாரித்திருந்தால் நடந்திருக்காத அநியாயம் இது.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதையும் விரைவாகச் செய்ய வேண்டும். குடிப் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் முழுமையாக இல்லை. எழுபது, எண்பது வயதுப் பெண்களின் வாயில் இருக்கின்றன. பள்ளிவாசல்களின் பழைய மரைக்கார் கணக்குப் புத்தகங்களில் மிச்சம் கொஞ்சம் இருக்கலாம். அவற்றைப் பழந்தாளென்று எரித்துவிடாதீர்கள். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில், இந்த ஊர்களுக்கு நடுவில் இருக்கிறது. அதில் தமிழ் படிக்கும் மாணவர்கள் ஊருக்கு ஒருவராக இறங்கினால் ஒரு வருடத்தில் குடிப் பெயர்கள் அனைத்தையும் திரட்டிவிடலாம். அதுவரை காத்திராமல், இதை வாசிக்கும் நீங்கள் உங்கள் உம்மாவின் உம்மாவுடைய பேரையும், அவருடைய உம்மாவின் பேரையும், குடியையும் வயிற்றுவாரையும் கேட்டு, திகதி போட்டு எழுதி வையுங்கள்.