மக்னுஸ் லிண்ட்பேர்க்கும் பின்லாந்தின் நவீன கருவியிசையும்

ஒரு பெருங்கலைஞனின் நிழல் பின்வருவோர்க்குத் தங்குமிடமாவதும் உண்டு, தடையாவதும் உண்டு. பின்லாந்தின் இசை வரலாற்றில் ஜீன் சிபேலியஸ் (1865 - 1957) இவ்விரண்டுமாக விளங்கினார். ரஷியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த மக்களின் தேசிய உணர்வுக்கு இசைவடிவம் தந்தவர் அவர். 1917இல் நாடு சுதந்திரமடைந்த பின்னரும் அந்நாட்டு இசையின் அளவுகோலாக அவரது சிம்பனிகளே நிலவின.

1970களில் அங்கு இசைநாடகம் பெருஞ்செல்வாக்குப் பெற்றது. யோனாஸ் கொக்கோனன், அவுலிஸ் சல்லினன் ஆகியோரின் புகழ்பெற்ற இசைநாடகங்கள் 1975இல் மேடையேறின. தேசிய வரலாறும் சமய உணர்வும் மேலோங்கிய இச்சூழலில், புறவுலகின் புதிய இசை செவிக்கெட்டவில்லை என்ற குறை இளைஞரிடையே எழுந்தது. அதன் விளைவாக 1977இல் ஹெல்சிங்கி சிபேலியஸ் கல்விக்கழக மாணவர் சிலர் ஓர் அமைப்பை நிறுவினர். ‘திறந்த செவிகள்’ எனப் பொருள்படும் ‘கோர்வாத் அவுகி’ என்பது அதன் பெயராகும். லிண்ட்பேர்க் (பிறப்பு 1958), காயா சாரியாஹோ, ஏசா-பெக்கா சலோனன், பிற்காலத்தில் கருநாடக இசையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட ஏரோ ஹாமென்னியெமி ஆகியோர் இதில் இடம்பெற்றனர்.

இவ்வியக்கத்தின் உச்சப் பேறாகக் கொள்ளத்தக்கது லிண்ட்பேர்க்கின் ‘கிராஃப்ட்’ (1983 - 85). ‘ஆற்றல்’ என்பது அச்சொல்லின் பொருள். பெரும் இசைக்குழுவுடன் தனிவாத்தியக்காரரும் இதில் பங்குகொள்வர். அவர்கள் மேடையில் மட்டுமன்றி மண்டபத்தின் பல இடங்களிலும் நின்று வாசிப்பர். பழைய இரும்புக் குவியலிலிருந்து தேர்ந்தெடுத்த உலோகத் துண்டுகளும் தாளக் கருவிகளாகின்றன. எழுபதுக்கு மேற்பட்ட சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் இடங்களும் உள. எனினும் இது வெறும் இரைச்சலன்று. சுரச்சேர்க்கைகளும் தாள அமைப்புகளும் கணனியின் துணையுடன் நுணுக்கமாக வகுக்கப்பட்டவை. 1988இல் நோர்டிக் கவுன்சிலின் இசைப்பரிசு இதற்கு வழங்கப்பட்டது.

இதன்பின் அவரது நடை மாறியது. ‘கினெற்றிக்ஸ்’, ‘மரேயா’, ‘ஜோய்’ ஆகிய படைப்புகளில் சுரச்சேர்க்கை தெளிவு பெற்றது. 2002இல் இயற்றிய கிளாரினெட் இசைக்கோவையிலோ இனிய மெட்டுகளே ஒலிக்கின்றன. இதனைப் புரட்சியினின்றும் பின்வாங்கியதாகக் கருதுவோர் உளர். அக்கருத்து முழுமையாக ஏற்கத்தக்கதன்று. தனிச்சுரத்தையன்றிச் சுரத்தொகுதியையே இசையின் அடிப்படையாகக் கொள்ளும் நோக்கு ‘கிராஃப்ட்’டில் போலவே பிற்காலப் படைப்புகளிலும் தொடர்கின்றது. மாறியது ஒலியின் கடுமையே, சிந்தனையன்று.

2010இல் நியூயோர்க் பில்ஹார்மொனிக் இசைக்குழு ‘கிராஃப்ட்’டை வாசித்தபோது, அந்நகரின் பழைய இரும்பே அதற்குக் கருவியாயிற்று. மரபை எதிர்த்தெழுந்த படைப்பு கால் நூற்றாண்டில் தானும் மரபின் பகுதியாயிற்று. சிபேலியஸைப் போலவே லிண்ட்பேர்க்கும் இனிவரும் மாணவர்க்கு ஒரு நிழலே. அவர்கள் அவரைப் பின்பற்றுவதிலும், அவரைப் போலத் தம் செவிகளைத் திறந்து வைத்திருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை எனலாம்.